மெக்னீசியம் ஸ்ப்ரே வீட்டில் செய்தவர்கள் சொல்லுங்களேன்

வணக்கம். எங்களுக்குக் கம்பம். அம்மா ஜீப்பில் கம்பமெட்டு ஏறி வண்டன்மேட்டுப் பக்கம் ஏலக்காய் எடுக்கப் போறாங்க. காய் செடியோட தூர்லதான் இருக்கும். ஈரத்துல குனிஞ்சும் குத்தவெச்சும் எடுக்கணும். ராத்திரியானா கெண்டைக்கால் இழுத்துப் பிடிச்சு கல்லா இறுகிடுது. பார்க்கவே மனசு கேக்கல. டாக்டர்கிட்ட காட்டியாச்சு, கிட்னியெல்லாம் நல்லா இருக்கு.

அதுக்குத்தான் மெக்னீசியம் ஸ்ப்ரே செஞ்சு கால்ல அடிச்சு விடலாம்னு இருக்கேன். மெக்னீசியம் குளோரைடு ஃப்ளேக்ஸ் (செதில் மாதிரி இருக்கிற உப்பு) அரை கப், கொதிக்கவெச்ச டிஸ்டில்டு வாட்டர் அரை கப், கரைச்சு ஆறவெச்சு ஸ்ப்ரே பாட்டில்ல ஊத்தணும். இவ்வளவுதான் செய்முறை. மெக்னீசியம் தோல் வழியா உடம்புல சேரும்னு உறுதியான ஆதாரம் இல்லைன்னு தெரியும். அடிச்சுத் தேய்ச்சு விட்டா அம்மாவுக்குக் கொஞ்சம் இதமா இருக்கும்னுதான்.

உரக்கடையில இருக்கிறது செடிக்குப் போடற மெக்னீசியம் சல்பேட். அதை அம்மா கால்ல போட மாட்டேன். தோலுக்கு ஏத்த தரத்துல குளோரைடு கம்பம், தேனி, குமுளியில எந்த மாதிரி கடையில கிடைக்கும்?

இன்னொண்ணு: காயம், வெடிப்பு இருந்தா எரியும். அம்மா கால்ல அட்டைக்கடி, முள்ளு கீறல் எப்பவும் இருக்கும். எவ்வளவு தண்ணி கூடச் சேர்த்தா எரிச்சல் குறையும்? போட்டுப் பார்த்தவங்க சொல்லுங்க, புண்ணியமாப் போகும்.