கேமராவுக்காகக் கொல்கத்தா போகலாமா?

பெரம்பூர் நிழல்:
ஆபீசில் இரண்டு இடம் சொல்லி ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்கிறார்கள். சென்னையிலேயே பெருங்குடி, இல்லாவிட்டால் கொல்கத்தா சால்ட் லேக். சம்பளம் ஒன்றுதான். கல்யாணம் ஆகவில்லை. ஆறு வருடமாகத் தெருவில் படம் எடுக்கிறேன். ஞாயிறு காலை காசிமேடு, மற்ற நாள் சௌகார்பேட்டை. இப்போது எதைப் பார்த்தாலும் கை கேமராவுக்குப் போக மாட்டேன் என்கிறது. போய்விடலாமா?

ஹௌரா ரிட்டர்ன்:
கிளம்புங்கள் தம்பி. நான் மூன்று வருடம் அங்கே இருந்தவன். ஹௌரா பாலத்துக்குக் கீழே மல்லிக் காட் பூச்சந்தைக்குக் காலை ஐந்தரைக்குப் போய்ப் பாருங்கள். செண்டுமல்லிச் சரங்களைக் கழுத்தைச் சுற்றி அடுக்கடுக்காகப் போட்டுக்கொண்டு ஆட்கள் வருவார்கள், இரண்டு கண்ணும் நெற்றியும்தான் வெளியே தெரியும். நாலு படி இறங்கினால் ஹூக்ளியில் குளிக்கிறவர்கள். யாரும் கேமராவைப் பார்த்து முறைப்பதில்லை. மிஞ்சிப்போனால் மண் குவளையில் டீயை நீட்டி எந்த ஊர் என்று கேட்பார்கள்.

மிண்ட் தெரு:
அந்த மாலைக்காரர் படத்தை எத்தனை தடவைதான் பார்ப்பது? அவர், அப்புறம் கை ரிக்‌ஷா, டிராம், மஞ்சள் அம்பாசடர். நாலும் எடுத்துவிட்டால் கொல்கத்தா முடிந்தது என்று எல்லோரும் ஊர் திரும்பிவிடுகிறார்கள். அதிலும் அம்பாசடர் தயாரிப்பு 2014லேயே நின்றுவிட்டது. எஸ்பிளனேடு–மைதான் பாதை தவிர மற்ற டிராம்களை நிறுத்தப்போவதாக 2024ல் அரசே சொன்னது. தெருப் படங்களுக்குப் பேர்போன சால் லைட்டர் நியூயார்க்கில் 1952லிருந்து 2013ல் சாகும்வரை கிழக்கு 10ஆம் தெருவில்தான் இருந்தார். வீட்டைச் சுற்றியுள்ள தெருக்களிலேயே எடுத்துத் தள்ளினார். கை ஓடவில்லை என்றால் அது ஊரின் குற்றமா?

ஹௌரா ரிட்டர்ன்:
நல்ல ஆளைச் சொன்னீர்கள். லைட்டர் பிறந்த ஊர் பிட்ஸ்பர்க். 1946ல் அதை விட்டுவிட்டுத்தான் நியூயார்க் வந்தார். முதலில் ஊர் மாறினார், அப்புறம்தான் ஒரே தெருவில் உட்கார்ந்தார். காசிமேட்டில் ஞாயிற்றுக்கிழமை ஒரு மீன் கூடையைச் சுற்றி எத்தனை லென்ஸ் நிற்கிறது என்று தம்பியையே கேளுங்கள்.

மிண்ட் தெரு:
சரி, லைட்டர் விஷயத்தில் மாட்டிக்கொண்டேன். காசிமேடும் உண்மைதான், நான் போவதை நிறுத்தியே வருடமாகிறது. ஆனால் இதைக் கேளுங்கள். எங்கள் தெருவில் ஒரு பாத்திரக் கடை. காலை பத்தே முக்காலுக்கு இரண்டு தார்ப்பாய்க்கு நடுவில் வெயில் ஒரு முழ அகலத்துக்கு விழும். இருபது நிமிடம், அவ்வளவுதான். கடைக்காரர் என்னைப் பார்த்ததும், "இன்னும் வரலை, உட்காருங்க" என்பார். வெயிலைத்தான் சொல்கிறார்! இந்த உறவுக்கு எனக்கு நாலு வருடம் பிடித்தது. வங்காள மொழி தெரியாமல் அங்கே போய் இதை எங்கிருந்து தொடங்குவது?

ஹௌரா ரிட்டர்ன்:
நாலு வருடத்தை அங்கேயும் செலவழித்தால் அங்கேயும் ஒருவர் "உட்காருங்க" என்பார். பாஷை ஆறு மாதத்தில் ஒட்டிக்கொள்ளும்.

லைட் மீட்டர்:
இருவரும் வெளிச்சத்தை விட்டுவிட்டீர்களே. கொல்கத்தா நமக்கு வடகிழக்கே இருக்கிறது, கடிகாரம் மட்டும் ஒன்று. டிசம்பரில் அங்கே ஐந்து மணிக்கு முன்பே சூரியன் போய்விடும். இங்கே ஐந்தே முக்கால்வரை இருக்கும். ஐந்து மணிக்கு ஆபீஸ் விடுகிறவனுக்கு அங்கே டிசம்பரில் மாலை வெயில் என்பதே கிடையாது. பதிலுக்கு, டிசம்பர் நடுப்பகலில்கூட அங்கே சூரியன் 44 டிகிரிக்கு மேல் ஏறாது, சென்னையில் 54. நிழல் நீளமாக விழும், முகத்தில் வெளிச்சம் இருக்கும். நம்மூரில் ஏப்ரல் கடைசியில் மதியம் எடுத்துப் பாருங்கள், கண் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு கறுப்புக் குழிதான். ஜூனில் அங்கே ஐந்துக்கு முன்பே விடிந்துவிடும். கேள்வி ஒன்றுதான்: நீங்கள் காலையில் எழுகிற ஆளா?

பெரம்பூர் நிழல்:
எட்டரைக்கு முன்னால் கண் திறக்காது அண்ணா. காசிமேட்டுக்குச் சனி ராத்திரி தூங்காமலே போய்விடுவேன்.

மிண்ட் தெரு:
அப்போது பேச்சே இல்லை. பெருங்குடி.

ஹௌரா ரிட்டர்ன்:
ஏன்? துர்கா பூஜைக்கு அந்த ஊர் ராத்திரி முழுக்கத் தெருவில்தான் நிற்கும். தூங்காத ஆளுக்கு அதைவிட வேறென்ன வேண்டும்?

லைட் மீட்டர்:
அது வருடத்துக்கு ஐந்து நாள். மீதி 360 நாளைக்கு என்ன செய்வார்? ஷிப்ட் எத்தனை மணிக்கு என்று முதலில் கேளுங்கள்.

பெரம்பூர் நிழல்:
கேட்டுவிட்டேன். இரண்டு ஊரிலும் மதியம் இரண்டு முதல் ராத்திரி பதினொன்று.

லைட் மீட்டர்:
அடடா, முன்பே சொல்லக் கூடாதா! மாலை இரண்டு ஊரிலும் போச்சு. காலை முழுக்க உங்களுடையது. அப்படியானால் நவம்பர் முதல் பிப்ரவரிவரை எட்டரைக்கு எழுந்தாலும் கொல்கத்தாவில் மதியம்வரை படம் எடுக்கலாம். நான் ஹௌரா பக்கம் சாய்கிறேன்.

மிண்ட் தெரு:
எட்டரைக்கு எழுந்தால் பத்தே முக்காலுக்கு எங்கள் தெருவுக்கும் வரலாமே. தம்பி, பதில் சொல்வதற்கு முன்னால் நாளைக்கு ஒரு தடவை வாருங்கள். பாத்திரக் கடை வாசலில் இருப்பேன்.

பெரம்பூர் நிழல்:
வருகிறேன் அண்ணா. 28 மிமீ லென்ஸ் போதுமா?