புதுப்பிப்பு: ஒற்றைக் கையோடு நாலு வாரம்

வலது மணிக்கட்டு முறிந்து மாவுக்கட்டு போட்டிருக்கிறேன், இடக்கையை மட்டும் வைத்து எப்படிச் சமாளிப்பது என்று போன மாதம் இங்கே கேட்டிருந்தேன். நாலு வாரம் ஓடிவிட்டது. கட்டுப் பிரிக்க இன்னும் இரண்டு வாரம்.

பரணில் கிடக்கும் அரிவாள்மனையை இறக்கச் சொன்ன அக்காவுக்குக் கோடி புண்ணியம். கத்தியோடு போனால் வெங்காயம் உருண்டு ஓடுகிறது. இதில் அலகு அசையாமல் நிற்கிறது. பலகையைக் காலால் அழுத்திக்கொண்டு காயை ஒரு கையால் தள்ளினால் போதும். முதல் நாள் நறுக்கிய கத்தரிக்காயில் ஒரு துண்டு கட்டைவிரல் அளவு, அடுத்தது கொட்டைப்பாக்கு அளவு. குழம்பில் யார் பார்க்கப்போகிறார்கள்!

விண்டோஸில் ஷிஃப்டை 5 முறை தட்டினால் ‘ஸ்டிக்கி கீஸ்’ வரும் என்றார் ஒருவர். உண்மைதான். கன்ட்ரோல், ஆல்ட் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக அழுத்தலாம். வேட்டிக்கு வெல்க்ரோ. சரி, அதுவும் முடிந்தது.

மாட்டிக்கொண்டது கல்யாணப் பந்தியில். இடக்கையை இலையில் வைத்ததும் பக்கத்து இலைப் பெரியவர் முறைத்தார். கட்டைத் தூக்கிக் காட்டினேன். “அட, முதல்லயே சொல்லக் கூடாதா தம்பி?” என்று அவரே அப்பளத்தை நொறுக்கிச் சாதத்தில் போட்டார். ரசத்துக்கு மட்டும் டம்ளர் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

விரல்களை அடிக்கடி மடக்கி நீட்டச் சொல்லியிருக்கிறார் மருத்துவர், இறுகிப்போகாமல் இருக்க. செய்கிறேன்.

அப்புறம் ஒரு சந்தேகம்: முழுக்கைச் சட்டையின் இடது கைப் பொத்தானை இடக்கையாலேயே போட வழி இருக்கிறதா? இப்போதைக்கு அரைக்கைதான்.