நானோ துகளில் பிணைத்த பெப்டைடுகள் கிருமித் தொற்றைக் காட்டிக்கொடுக்குமா?

கேள்வி:
செயற்கை மூட்டு பொருத்தியவருக்கு வலி வரும்போது, அது கிருமித் தொற்றா, கிருமியில்லாத அழற்சியா என்பதை ஸ்கேன்களால் எப்போதும் பிரித்தறிய முடிவதில்லை. நுண்ணுயிரெதிர்ப்புப் பெப்டைடுகளை (கிருமிகளைத் தாக்கும் குறுகிய அமினோ அமிலச் சங்கிலிகளை) நானோ துகள்களில் பிணைத்தால் தீர்வு கிடைக்குமா?

பதில் 1:
படமெடுக்க நானோ துகள் கட்டாயமில்லை. யுபிக்விசிடின் 29-41 என்னும் 13 அமினோ அமிலங்கள் கொண்ட பெப்டைடை, ஸ்கேனில் தெரியக்கூடிய, 6 மணி நேர அரை ஆயுளுள்ள டெக்னீசியம்-99எம் என்னும் கதிரியக்கப் பொருளுடன் இணைத்து நோயாளிகளிடம் ஏற்கெனவே பரிசோதித்திருக்கிறார்கள். அதன் நேர்மின்னேற்றம் பாக்டீரியாவின் எதிர்மின்னேற்றமுள்ள மேற்பரப்பில் ஒட்டிக்கொள்கிறது. நம் உயிரணுக்களின் வெளிப்புறச் சவ்வு பெரும்பாலும் மின்நடுநிலையில் இருப்பதால் அங்கே பிடிப்பு குறைவு.

பதில் 2:
சிகிச்சை என்று வரும்போதுதான் துகளின் பயன் தெரிகிறது. தனிப் பெப்டைடை இரத்தத்திலுள்ள, புரதங்களை வெட்டும் புரோட்டியேஸ் நொதிகள் சிதைத்துவிடும். தங்கத் துகளின் மேல் சிஸ்டீன் என்னும் அமினோ அமிலத்தின் கந்தக அணு வழியாகப் பல பெப்டைடுகளை நெருக்கமாகப் பிணைத்தால், அவை ஓரளவு பாதுகாக்கப்படுவதோடு, ஒரே இடத்தில் திரண்டு சவ்வைத் தாக்கவும் முடியும். ஆனால் கல்லீரலும் மண்ணீரலும் இத்துகள்களைப் பெருமளவில் பிடித்துக்கொள்கின்றன. ஆய்வகத் தட்டில் கிடைத்த வெற்றியை மட்டும் காட்டி நோயாளிக்கு நம்பிக்கையூட்டுவது நியாயமல்ல என்பது என் உறுதியான கருத்து.

கேள்வி கேட்டவர்:
இரும்பு ஆக்சைடு துகளானால் எம்ஆர்ஐயில் தெரியுமல்லவா?

பதில் 2:
தெரியும். எனினும் உலோக மூட்டைச் சுற்றி எம்ஆர்ஐ படம் சிதைவதால், நீங்கள் கேட்ட நோயாளிக்கு டெக்னீசியம் முறைதான் பொருத்தமானது.