நாய்க்குப் பயந்தவள் வழிகாட்டி நாய் எடுக்கலாமா? ஆறு கிழமை திருமலையில் நிற்கிறேன்

உவர்மலைப் பெட்டை எழுதியது:

எனக்கு 22 வயது. ஆர்.பி. என்கிற விழித்திரை நோய். பத்து வயதில், விளக்கு வைக்கிற நேரத்தில் வாசற்படி தட்டுப்படத் தொடங்கியது. இப்போது சுருட்டிய பேப்பருக்குள்ளால் பார்ப்பது மாதிரி நடுவில் ஒரு சின்ன வட்டம் மட்டும் மிச்சம். அந்த வட்டத்துக்குள் போனில் பெரிய எழுத்து வாசிப்பேன். ஆனால் நடுரோட்டில் படுத்திருக்கிற மாட்டில் போய் முட்டுவேன். ("உனக்குத்தான் தெரியுதே, பிறகேன் நாய்?" என்று கேட்கப் போகிறவர்களுக்காக இதை முதலிலேயே சொல்லி வைக்கிறேன்.)

பிறந்து வளர்ந்தது இலங்கையில், திருமலை (திருகோணமலை) உவர்மலையில். 16 வயதில் அம்மாவோடு லண்டன் போனேன். போன வருடம், பார்வை இல்லாதவர்களுக்கு வழிகாட்டி நாய் பழக்கித் தருகிற அமைப்புக்கு விண்ணப்பித்தேன். வீட்டுக்கு வந்து பார்த்தார்கள், எங்கெங்கே போய் வருகிறேன் என்று கேட்டார்கள், நடை வேகத்தைக் கவனித்தார்கள். ஒருநாள் பயிற்றுநர் ஹார்னஸின் (நாயின் உடம்பில் மாட்டுகிற வாரின்) கைபிடியை என் இடது கையில் தந்துவிட்டு, முன்பக்கத்தைத் தான் பிடித்துக்கொண்டு நாயாக நடந்தார். நான் அவருக்குக் கட்டளை போட வேண்டும். சிரிப்பு அடக்க முடியவில்லை. ஆனால் ஒன்று, வெள்ளைப் பிரம்பைத் தட்டாமல் அவ்வளவு வேகமாக நான் நடந்து ஆறேழு வருடம் இருக்கும். வீட்டுக்கு வந்து அழுதேன்.

இனித்தான் விஷயம். எனக்கு நாய் என்றால் பயம். நாலாம் வகுப்பு படிக்கும்போது டச்பே கடற்கரையில் தெருநாய் ஒன்று கெண்டைக்காலைக் கவ்வி விட்டது. பெரியாஸ்பத்திரியில் ஊசி. அம்மம்மாவின் பேச்சு ஊசியைவிட மோசம். இன்றைக்கும் பக்கத்தில் ஒரு நாய் இரைக்கிற சத்தம் கேட்டால் முழங்கால் விறைத்துவிடும். விண்ணப்பத்தின்போது நாய் பிடிக்குமா என்று கேட்டார்கள், பிடிக்கும் என்றேன். பொய்யில்லை. தூரத்தில் நின்றால் பிடிக்கும்.

இனிப் பொருத்தம் பார்ப்பார்களாம். (அம்மா இந்தச் சொல்லைக் கேட்டுவிட்டு, "நாய்க்குப் பார்க்கிறார்கள், உனக்கு ஒன்றும் அமையுதில்லை" என்கிறா.) பயத்தைப் பயிற்றுநரிடம் இப்போது சொன்னால் பெயரை வெட்டிவிடுவார்களா? லீவுக்கு வந்து அம்மம்மா வீட்டில் நிற்கிறேன், திரும்பிப் போக ஆறு கிழமை இருக்கிறது. அதற்குள் இங்கே என்ன பழகலாம்? அப்புறம், அடுத்த முறை நாயையும் கூட்டி வரலாமா? அம்மம்மா, "சாமியறை இருக்கிற வீட்டுக்குள்ள நாய் வரக்கூடாது" என்று ஏற்கெனவே தீர்ப்புச் சொல்லிவிட்டா. கோட்டைக்குள் கோணேசர் கோயிலுக்குப் போகிற வழியில் நிற்கும் மான்களைக் கண்டால் அது என்ன செய்யும் என்றும் ஒரு யோசனை.

இரண்டாவது நாய்க்காரன் எழுதியது:

தங்கச்சி, நானும் திருமலைதான். குறொய்டனில் இருக்கிறேன், இப்போது என் காலடியில் கிடப்பது இரண்டாவது நாய். இன்றைக்கே பயிற்றுநருக்கு எழுதுங்கள். வெட்டமாட்டார்கள். நீங்கள் சொல்லாவிட்டால்தான் பிழைக்கும். 22 வயது, வேகமான நடை என்று பார்த்து, துள்ளுகிற இளந்தாரி நாய் ஒன்றைத் தந்துவிடுவார்கள். சொன்னால் பாய்ந்து நக்காத, அமைதியான ஒன்றைத் தேடுவார்கள். பொருத்தம் என்பது இதுதான். உயரம், நடை வேகம், வீட்டில் யார் யார், எந்த ரோட்டு, எல்லாம் பார்க்கிறார்கள். செவ்வாய் தோஷம் மட்டும் பார்ப்பதில்லை.

மறைத்தாலும் முதல் நாளே தெரிந்துவிடும். உங்கள் கை விறைத்தால் கைபிடி வழியாக நாய்க்குப் போய்விடும். அது நின்று உங்களைத் திரும்பிப் பார்க்கும்.

பயத்தை உடைத்துப் பாருங்கள். இரைக்கிற சத்தமா, பல்லா, சொல்லாமல் வந்து முட்டுவதா? வழிகாட்டி நாயோடு இருந்தால் இவை மூன்றும் தினசரி வேலை. காதுக்குள் விரல் விட்டுப் பார்க்க வேண்டும், பல்லைப் பார்க்க வேண்டும், தினமும் மயிர் வாரிவிட வேண்டும். ஊதல் ஊதித்தான் சாப்பாடு. "பிஸி பிஸி" என்றால் மலசலம் கழிக்கும், சின்னக் குட்டியிலேயே பழக்கி விடுகிறார்கள். அதை அள்ளுவது நாங்கள்தான். எப்படி என்று எல்லோரும் கேட்பார்கள், வெட்கத்தில் நீங்கள் கேட்கவில்லை. முதுகில் கை வைத்தால் முதுகு வளைகிறது தெரியும். வால் பக்கம் எங்கே என்று பார்த்து, அந்த இடத்தில் காலை ஊன்றிக்கொண்டு, பையைக் கையில் மாட்டிக் குனிய வேண்டியதுதான். முதல் கிழமை குமட்டும். பிறகு தேநீர் போடுவது மாதிரி.

ஒரு பெரிய மயக்கத்தை இப்போதே விட்டுவிடுங்கள். நாய்க்கு வழி தெரியாது. வழி உங்கள் தலைக்குள் இருக்க வேண்டும். அதன் வேலை நேராகக் கொண்டுபோவது, தடைகளைச் சுற்றுவது, படியில், நடைபாதை விளிம்பில் நிற்பது. தலைக்கு மேலே தொங்குகிற கொப்பைக்கூடப் பார்த்து விலகப் பழக்கியிருக்கிறார்கள், பிரம்புக்கு அது ஏலாது. ஆனால் ரோட்டைக் கடப்பது எப்போது என்று முடிவெடுப்பது நீங்கள். சிவப்பு, பச்சை விளக்கை அது வாசிப்பதில்லை. (கடவையில் பொத்தான் பெட்டிக்கு அடியில் கை வைத்துப் பாருங்கள், பல இடங்களில் ஒரு சின்னக் கூம்பு இருக்கும். பச்சை மனிதன் வந்ததும் அது சுழலும். லண்டனில் பத்து வருடம் இருந்த பிறகுதான் எனக்கே யாரோ சொன்னார்கள்.) நீங்கள் போ என்று சொல்லியும் வாகனம் வந்தால் அது போகாது. சொல்லைக் கேட்காமல் இருப்பதற்கும் பயிற்சி கொடுத்திருக்கிறார்கள்.

எனக்கு முதல் மாதம் கஷ்டமாக இருந்தது இன்னொன்று. பிரம்போடு போனால் விளக்குக் கம்பத்தில் தட்டும், குப்பைத் தொட்டியில் தட்டும், எங்கே நிற்கிறோம் என்று தெரியும். நாய் அதையெல்லாம் சுற்றிக்கொண்டு போய்விடும். ஒன்றிலும் முட்டாமல் போய், எங்கே நிற்கிறேன் என்று தெரியாமல் தொலைந்து நின்றேன்.

நாயின் பெயரைத் தெருவில் சொல்லாதீர்கள். வேலை நேரத்தில் பிள்ளைகள் கூப்பிட்டால் கவனம் சிதறும். என்னுடையதற்கு வெளியில் பெயர் "மணி". சொந்தப் பெயர் வேறு.

இங்கே பிரித்தானியாவில் 2010 ஆம் ஆண்டுச் சமத்துவச் சட்டத்தின்படி கடையோ டாக்சியோ மறுக்க முடியாது. ஆனாலும் ஒருமுறை ஒரு சாப்பாட்டுக் கடையில் வாசலில் மறித்தார்கள். எங்கட ஆட்கள்தான். கொத்துரொட்டி வாசம் மூக்கில் ஏறிக்கொண்டிருக்க, வெளியில் நின்று சட்டம் கதைத்தேன். அந்தக் கோபம் இன்னும் போகவில்லை.

பிரம்பு வாத்தியார் எழுதியது:

பிள்ளை, நான் இங்கே பல காலம் வெள்ளைப் பிரம்பு நடை பழக்கியவன், இப்போது ஓய்வு. நாய்க்காரத் தம்பி சொன்னது சரி, வழி தலைக்குள் இருக்க வேண்டும். அப்படியென்றால் இந்த ஆறு கிழமையும் உங்களுக்கு வேலை இருக்கிறது.

உண்மையைச் சொல்லுங்கள், வந்ததிலிருந்து ஒருநாளாவது தனியே வெளிக்கிட்டீர்களா? இருக்காது. திருமலையில் பார்வை இல்லாத பிள்ளை வாசலைத் தாண்டினால் மூன்று பேர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விடுவார்கள். அன்புதான். ஆனால் அப்படிப் போனால் வழி மனதில் பதியாது.

ஒரேயொரு வழியை எடுங்கள். உவர்மலை இறக்கம் நல்லது, சரிவைக் காலே சொல்லும். கீழே உட்துறைமுகப் பக்கம் வந்ததும் காற்று மாறும், உப்பும் டீசலும் மணக்கும். முதல்நாள் யாரையாவது பத்தடி பின்னால் வரச் சொல்லுங்கள், வாயைத் திறக்கக் கூடாது என்று சொல்லுங்கள். பேக்கரி வாசம், ஓட்டோ நிற்கும் இடம், கான் மூடி உடைந்த இடம் எல்லாவற்றையும் வரிசையாகச் சொல்லப் பழகுங்கள். காலை ஆறரைக்குப் போங்கள், வெயிலும் இல்லை, நலம் விசாரிக்கிற ஆட்களும் குறைவு.

பிரம்பைக் கழித்துவிடாதீர்கள். நாய்க்கும் காய்ச்சல் வரும்.

நேரே கேட்பவன் எழுதியது:

குறை நினைக்க வேண்டாம். வீட்டில் மனுசர் இல்லையா? எங்கள் சனத்துக்கு இதெல்லாம் தேவையில்லாத வெள்ளைக்காரப் பழக்கம்.

உவர்மலைப் பெட்டை எழுதியது:

மனுசர் இருக்கிறார்கள் அண்ணா. அம்மா இரண்டு வேலை செய்கிறா. லைப்ரரிக்குப் போக நான் அவவின் லீவு நாளைப் பார்த்துக்கொண்டு இருக்கிறேன். 22 வயதில்.

பிரம்பு வாத்தியார் எழுதியது:

தம்பி, பழக்கம் தொடங்கிய கதையையும் கேளும். முதலாம் உலகப் போரில் கண் போன சிப்பாய்களுக்காக 1916 இல் ஜேர்மனியில் ஒல்டன்பேர்க் என்ற ஊரில் பள்ளி திறந்தார்கள். பிரித்தானியாவில் முதல் நாலு பேர் நாயோடு நடந்தது 1931 இல். அதற்கு முன்னம் அங்கேயும் வீட்டில் மனுசர் இருந்தார்கள்தானே.

கன்னியாப் பக்க மிருகவைத்தியர் எழுதியது:

கூட்டி வருவதைப் பற்றி மட்டும் சொல்கிறேன். வேண்டாம்.

மான் பெரிய பிரச்சினை இல்லை. தெருநாய்தான் பிரச்சினை. ஒவ்வொரு சந்திக்கும் ஒரு கூட்டம் சொந்தம் கொண்டாடும். ஹார்னஸ் போட்ட நாய் திருப்பிக் கடிக்கப் பழகியதில்லை. கடிபட்டால் உடம்புக் காயம் ஆறினாலும், அதற்குப் பிறகு மற்ற நாயைக் கண்டு நடுங்கி வேலையே செய்யாமல் போகலாம். வெயிலும் இருக்கிறது. மத்தியானம் தார் ரோட்டில் புறங்கையை ஏழு வினாடி வைத்துப் பாருங்கள். உங்களுக்கு ஏலாவிட்டால் அதன் பாதத்துக்கும் ஏலாது. உண்ணி வேறு.

திரும்பிப் போவதும் சும்மா இல்லை. இங்கிருந்து பிரித்தானியாவுக்குள் போக விசர்நாய் ஊசி போட்டு 30 நாள் கழித்து இரத்தம் எடுத்துச் சோதிக்க வேண்டும், அதிலிருந்து 3 மாதம் பொறுக்க வேண்டும். வழிகாட்டி நாய்க்கும் அதே விதிதான்.

உங்கள் பயம் பற்றி: தெருநாய் கிட்ட வந்தால் ஓடாதீர்கள், பிரம்பை ஓங்காதீர்கள், அசையாமல் நில்லுங்கள். பெரும்பாலும் மணந்துவிட்டுப் போய்விடும். கடித்தால் சவர்க்காரமும் ஓடுகிற தண்ணீரும் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு நேரே ஆஸ்பத்திரி. அந்த டச்பே நாய் உங்களுக்கு ஒரு கெட்ட அறிமுகம், அவ்வளவுதான். பழக விரும்பினால் ஊசி போட்ட, வயதான வளர்ப்பு நாய் உள்ள வீடாகப் பாருங்கள். முதல்நாள் ஒரே அறையில் இருந்தால் போதும், தொட வேண்டாம்.

இரண்டாவது நாய்க்காரன் எழுதியது:

நான் ஊருக்கு வரும்போது மணி ஒரு தொண்டர் வீட்டில் நிற்பான். திரும்பிப் போனால் அரை நாள் முகம் தரமாட்டான்.

உவர்மலைப் பெட்டை, மூன்று கிழமை கழித்து எழுதியது:

பயிற்றுநருக்கு எழுதினேன். மூன்று வரியில் பதில் வந்தது. சொன்னதற்கு நன்றி, வந்ததும் முதலில் ஓய்வு பெற்ற வயதான நாய் ஒன்றோடு பழக்குகிறோம், பொருத்தம் அதற்குப் பிறகு என்று. இதற்காகவா ஒரு வருடம் நித்திரை கெட்டேன்?

இறக்கத்தை ஏழு நாள் நடந்துவிட்டேன். முதல் மூன்று நாளும் மச்சான் பின்னால் வந்தான், வாயைத் திறக்காமல் இருக்க அவனுக்குத்தான் கஷ்டம். நேற்றுத் தனியே. ஒரு கடை வாசலில் இரைக்கிற சத்தம் கேட்டது. டொக்டர் சொன்ன மாதிரி நின்றேன். முழங்காலுக்குக் கீழே ஈர மூக்கு ஒன்று பட்டது. பிறகு படுக்கிற சத்தம். அது படுத்துவிட்டது, நான்தான் அசையாமல் நின்றேன். கடைக்கார ஐயா, "பிள்ளை, அது கிழட்டு நாய், பல்லும் இல்லை" என்றார். முதலே சொல்லியிருக்கலாம்.

மான் கேள்வியை வாபஸ் வாங்குகிறேன். அம்மம்மா தீர்ப்பை மாற்றவில்லை. ஆனால் இரவு படுக்கும்போது, "அதுக்கு அங்க சோறு குடுப்பினமோ?" என்று கேட்டா. நாய்க்கார அண்ணா, என்ன சொல்ல?

இரண்டாவது நாய்க்காரன் எழுதியது:

காய்ந்த உருண்டை, கிராம் கணக்கில் அளந்து. சோறு கிடையாது. அம்மம்மாவிடம் இதை மட்டும் சொல்லிவிடாதீர்கள்.