துபாய் டிசம்பர் பயணம்: லஹ்பாப் மணலில் வண்டியை நிறுத்தியது சரிதானே?

உறையூர்க்காரி:

டிசம்பர் கடைசி வாரம் குடும்பத்தோடு துபாய் போய் வந்தோம். புர்ஜ் கலீஃபா, துபாய் மால், குளோபல் வில்லேஜ் பொருட்காட்சி பற்றியெல்லாம் இங்கே நிறையப் பேர் எழுதிவிட்டீர்கள், அதற்குள் போகவில்லை. ஊருக்குத் திரும்பியும் எனக்கு மனசில் முள்ளாகக் குத்துவது டெசர்ட் சஃபாரி வண்டியில் நடந்தது மட்டும்தான்.

ஷேரிங் லேண்ட் க்ரூஸர். நான், வீட்டுக்காரர், மகள், மாமியார் நாலு பேர். கூட வடக்கத்தி இளம் ஜோடி ஒன்று. அத்தைக்குக் கழுத்து எலும்புத் தேய்மானம் உண்டு என்று புக் பண்ணும்போதே சொன்னோம். "எல்லாரும் போறாங்க மேடம், ஒண்ணும் ஆகாது" என்றார் ஏஜென்ட். லஹ்பாப் என்ற செம்மணல் பாலைவனத்தில், மணலில் ஓட்டுவதற்காக டயர் காற்றை இறக்கும்போதுகூட அத்தை உற்சாகமாகத்தான் இருந்தார். அந்தச் செம்மணலைப் பார்த்து "நம்ம தேரிக்காடு மாதிரியே இருக்குடி" என்று மகளிடம் சொன்னார். அவருக்குப் பிறந்த ஊர் சாத்தான்குளம் பக்கம்.

வண்டி ஒரு மேட்டில் பக்கவாட்டாகச் சரிந்து இறங்கியபோது அத்தையின் கை பின்னங்கழுத்துக்குப் போனது. வாயைத் திறக்கவில்லை. வலி என்றால் சொல்லவே மாட்டார். நான் திரும்பிப் பார்ப்பதற்குள் டிரைவர் கண்ணாடியில் பார்த்துவிட்டார். பெஷாவர் பக்கத்து மனிதர், ஐம்பதைத் தாண்டியிருக்கும். சமதளமாக ஒரு இடம் பார்த்து நிறுத்தி, இறங்கி வந்து கதவைத் திறந்து, "அம்மாஜி, ஆகே பைட்டியே" என்று முன்சீட்டில் உட்கார்த்தினார். தன் தோளில் கிடந்த சால்வையை இறுக்கிச் சுருட்டி அத்தையின் கழுத்துக்கும் சீட்டுக்கும் நடுவில் கொடுத்தார். வயர்லெஸ்ஸில் மற்ற வண்டிகளுக்கு ஏதோ சொன்னார். அப்புறம் மேடு எதிலும் ஏறவில்லை. தடம் பார்த்து மெதுவாக, ராத்திரிச் சாப்பாடும் ஆட்டமும் நடக்கும் கேம்ப்புக்குக் கொண்டுவந்து சேர்த்தார்.

அந்த ஜோடிக்கு ஆத்திரம். "நாங்கள் கட்டிய பணத்துக்கு என்ன பதில்?" என்று வழியெல்லாம் கேட்டுக்கொண்டே வந்தார்கள். கேம்ப்பில் போய்ப் புகார் கொடுத்தார்கள். அங்கிருந்த சூப்பர்வைசர், டிரைவர் வயசில் பாதிதான் இருக்கும், எல்லார் முன்னாலும் டிரைவரைத் திட்டினார். அவர் இரண்டு கையையும் முன்னால் கோத்துக்கொண்டு, எதுவும் பேசாமல் நின்றார். என் வீட்டுக்காரர் குறுக்கே போய்ப் பேசப் பேச, "ஆப் ஜாயியே சாப், கானா காயியே" (நீங்கள் போய்ச் சாப்பிடுங்கள்) என்று அவரையே சமாதானப்படுத்தி அனுப்பினார்.

அந்த மனிதருக்கு அப்புறம் என்ன ஆகியிருக்கும்? அவர் நிறுத்தியது சரிதானே? இதே மாதிரி யாருக்காவது நடந்திருக்கிறதா?

கோவை பாலா:

அத்தை நலமாக இருப்பார்கள் என்று நம்புகிறேன். டிரைவர் செய்தது சரி. ஆனால் அந்த ஜோடியை வில்லன் ஆக்குவது சரியில்லை. அந்த இடத்தில் நாங்கள் இருந்திருக்கிறோம். என் மகனுக்கு அப்போது பன்னிரண்டு வயது, ஒரு வருஷமாக டூன் பேஷிங் (மணல்மேடுகளில் வண்டியை ஏற்றி இறக்குவது) வீடியோ பார்த்துப் பார்த்துக் காத்திருந்தவன். எங்கள் வண்டியில் வேறொரு குடும்பத்துப் பெரியவர் ஏறிய கொஞ்ச நேரத்தில் பிளாஸ்டிக் பையில் வாந்தி எடுத்தார். வண்டி நின்றது, அத்தோடு சரி. மற்ற வண்டிகள் உச்சியில் ஏறி மணலை வாரி இறைத்துக்கொண்டு இறங்குவதை என் மகன் ஜன்னலில் நெற்றியை ஒட்டிக்கொண்டு பார்த்தான். அவன் அழவில்லை, அதுதான் எனக்குத் தாங்கவில்லை. நாங்கள் புகார் எதுவும் கொடுக்கவில்லை. ஆனால் மனசு அதே கேள்வியைக் கேட்டது.

கழுத்து, முதுகு, இதய நோய், கர்ப்பம் இதெல்லாம் இருந்தால் டூன் பேஷிங் வேண்டாம் என்று டிக்கெட்டிலேயே போட்டிருப்பார்கள். பெரியவர்களோடு போகிறவர்கள் தனி வண்டி எடுங்கள். இல்லையென்றால் பெரியவர்களை நேராகக் கேம்ப்புக்கு வேறு வண்டியில் அனுப்பச் சொல்லுங்கள், கேட்டால் ஏற்பாடு செய்வார்கள்.

சார்ஜா அம்மா:

பாலா சார், தனி வண்டி என்ன விலை என்று தெரிந்துதான் சொல்கிறீர்களா? டிசம்பரில் ஷேரிங்கைப் போலப் பல மடங்கு கேட்பார்கள். ஊரிலிருந்து டிக்கெட், விசா எல்லாம் போட்டு வருகிறவர்களிடம் இதைச் சுலபமாகச் சொல்லிவிட முடியாது. அந்தப் பெரியவர் வேண்டுமென்றா வாந்தி எடுத்தார்? உங்கள் மகன் இன்னொரு முறை போகலாம். அவர் போவாரா?

நான் இங்கே குடியிருப்பவள். பாலைவனம் என்றாலே வண்டியில் குதிப்பது, ஒட்டகத்தில் ஏறி ஒரு சுற்று, பெல்லி டான்ஸ், பஃபே என்று எல்லாரும் ஒன்றையே செய்வது எனக்கு வருத்தமாக இருக்கிறது. என் அப்பா, அம்மா ஜனவரியில் வந்தபோது டெசர்ட் கன்சர்வேஷன் ரிசர்வுக்குக் கூட்டிப்போனோம். 225 சதுர கிலோமீட்டர், வேலி போட்டுக் காக்கிற இடம். வண்டி மெதுவாகத்தான் போகும். ஒரு வளைவில் கைடு வண்டியை நிறுத்தி, பேசாமல் விரலை மட்டும் நீட்டினார். வெள்ளை வெளேரென்று ஓரிக்ஸ் மான்கள், நாலைந்து இருக்கும், நேர்க்கொம்பு, கால் மட்டும் கறுப்பு. ஒன்று வண்டிக்கு ரொம்பக் கிட்டத்தில் நின்று எங்களைப் பார்த்தது. மூச்சு விடுகிற சத்தம் கேட்டது. என் சின்னவன் மெதுவாக, "அம்மா, கத்தார் ஃப்ளைட் மாடு" என்றான். அந்த விமான வாலில் இருப்பதும் இதே ஓரிக்ஸ்தானே. 1972-இல் காட்டில் ஒன்றுகூட மிச்சமில்லாமல் போன மிருகம் இது. மிருகக்காட்சி சாலைகளில் வளர்த்து, திரும்பக் கொண்டுவந்து விட்டிருக்கிறார்கள். அதை அப்பாவிடம் சொன்னதிலிருந்து அவர் வண்டியில் வேறு பேச்சே பேசவில்லை. ராத்திரி சாப்பிடும்போதும் அதையேதான் கேட்டார், எந்த நாட்டில் வைத்து வளர்த்தார்கள், எத்தனை ஜோடி என்று.

ரிசர்வ் பட்ஜெட்டுக்கு ஒத்துவரவில்லை என்றால் அல் குத்ரா ஏரிப் பக்கம் சாதாரணக் காரிலேயே போகலாம், தார்ச்சாலை உண்டு. சாயங்காலம் பாய் விரித்துச் சாப்பாட்டைப் பிரித்து உட்கார்ந்தால் பெரியவர்களுக்கு அதைவிட நிம்மதி கிடையாது. ஃப்ளமிங்கோ பார்க்க வேண்டுமென்றால் ஊருக்குள்ளேயே ராஸ் அல் கோர் பறவைச் சரணாலயம் இருக்கிறது. குளிர்காலத்தில் நிறைய வரும், டிக்கெட் கிடையாது.

கோவை பாலா:

அல் குத்ராவில் ஏரி இருக்கிறது, சைக்கிள் பாதை இருக்கிறது. மனிதன் வெட்டிய ஏரி. அதைப் பாலைவனம் என்று ஊரிலிருந்து வந்தவர்களுக்குக் காட்டுவதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். லஹ்பாப் மேட்டின் மேல் ஏறி நின்று சுற்றிலும் மணலைப் பார்ப்பது வேறு அனுபவம். ரிசர்வ் பற்றி நீங்கள் சொன்னதற்கு மறுப்பு இல்லை.

மதுரை ஓய்வூதியர்:

பேரனைப் பார்க்கப் போனபோது டிசம்பர் 31 இரவு வாணவேடிக்கை பார்த்துவிட்டு, கூட்டத்தில் என் மனைவியின் கை என் கையிலிருந்து நழுவியது. ஒரு நிமிடம்தான் இருக்கும், போலீஸ்காரர் ஒருவர் அவரைத் தடுப்புக்கு உள்ளே இழுத்து நிறுத்தியிருந்தார். அந்த ஒரு நிமிடம் இப்போது நினைத்தாலும் வயிற்றைக் கலக்குகிறது. ஆகவே போகிறவர்களுக்குச் சில விஷயங்கள்.

31-ஆம் தேதி புர்ஜ் கலீஃபா மெட்ரோ ஸ்டேஷனை மாலையிலேயே மூடிவிடுவது வழக்கம். அக்கம்பக்கத்துச் சாலைகளையும் ஒவ்வொன்றாக அடைப்பார்கள். மதியமே போய் இடம் பிடிக்க முடியாதவர்கள் போக வேண்டாம். வேறு நாட்களிலும் அந்த ஸ்டேஷனிலிருந்து மாலுக்கு உள்ள மூடிய நடைபாலம் கிட்டத்தட்ட 800 மீட்டர். நகரும் பட்டை உண்டு என்றாலும் மூட்டு வலிக்காரர்களுக்கு அது பெரிய தூரம், டாக்ஸியே மேல். மால் பக்கத்தில் உள்ள துபாய் ஃபவுண்டனை 2025-இல் சில மாதங்கள் மூடிப் பழுதுபார்த்து அக்டோபரில் திறந்துவிட்டார்கள். மாலை 6 மணியிலிருந்து அரை மணிக்கு ஒருமுறை, காசு கிடையாது. ஆகவே முதல் ஆட்டத்துக்கே முட்டி மோத வேண்டாம். புர்ஜ் கலீஃபாவில் சூரிய அஸ்தமன நேரத்து டிக்கெட் அதிகம். காலை நேரம் மலிவு, ஆனால் குளிர்காலத்தில் சில நாள் காலையில் மூடுபனி இறங்கிவிடும், மேலே ஏறினால் வெள்ளையைத் தவிர ஒன்றும் தெரியாது.

சஃபாரி நாளன்று வேறு எதுவும் வைத்துக்கொள்ளக் கூடாது. டிசம்பரில் ஐந்தரை மணி வாக்கில் சூரியன் மறைந்துவிடும் என்பதால் இரண்டரை, மூன்றுக்கே வண்டி வந்து ஏற்றிக்கொள்ளும், திரும்ப இரவு ஒன்பது ஆகும். இறங்கிய முதல் நாளும் வேண்டாம், கிளம்புவதற்கு முந்தின நாளும் வேண்டாம். பகலில் 25 டிகிரி இருக்கிறதே என்று அரைக்கைச் சட்டையோடு போகாதீர்கள். பொழுது சாய்ந்ததும் மணல் சில்லிட்டுவிடும், வெறுங்காலில் நிற்க முடியாது. ஸ்வெட்டர், சாக்ஸ், பெரியவர்களுக்கு மங்கி கேப்.

குளோபல் வில்லேஜுக்கு மெட்ரோ கிடையாது, யூனியன் ஸ்டேஷனிலிருந்து பஸ் உண்டு. செவ்வாய்க்கிழமை குடும்பங்களுக்கும் பெண்களுக்கும் என்று ஒதுக்கியிருப்பார்கள், நெரிசல் குறைவு.

மிக முக்கியம்: கசகசா அங்கே தடை செய்யப்பட்ட பொருள். குருமா மசாலா வீட்டில் அரைத்து மகனுக்கு எடுத்துப்போகும் அம்மாக்கள் தயவுசெய்து கசகசா இல்லாமல் அரையுங்கள். இது விளையாட்டு விஷயம் இல்லை, பிடித்தால் போதைப்பொருள் வழக்கு. வெற்றிலையும் கொண்டுபோகக் கூடாது. கோடீன் கலந்த இருமல் மருந்து, டிரமடால் போன்ற வலி மாத்திரைகளுக்கு முன் அனுமதி வேண்டும். ரமலான் இப்போது பிப்ரவரிக்கு வந்துவிட்டது, அந்த மாதம் கேம்ப்பில் பாட்டும் ஆட்டமும் இருக்காது.

சார்ஜா அம்மா:

ஐயா, கசகசா விஷயம் எழுதியதற்குக் கும்பிடுகிறேன். ஒவ்வொரு வருஷமும் யாராவது ஒருத்தருக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது.

தங்கச்சிமடம்:

அக்கா, நான் அந்த மாதிரி ஒரு கேம்ப்பில் கிச்சன்ல வேலை பார்த்தவன். இப்ப ஊர்லதான் இருக்கேன். உங்க டிரைவர் பத்திச் சொல்றேன். சஃபாரி ஓட்டத் தனி லைசென்ஸ் எடுக்கணும், சும்மா யாரையும் விட மாட்டாங்க. எங்க கேம்ப்ல கெஸ்ட்டுக்கு முடியலன்னா நிறுத்தித்தான் ஆகணும், அது டிரைவர் இஷ்டம் கிடையாது. கெஸ்ட் முன்னாடி திட்டுறது, கெஸ்ட் கோபத்தை இறக்குறதுக்காக. ஆனா புகார் எழுத்துல போச்சுன்னா அடுத்த சில நாள் ட்ரிப் குறைச்சுக் கொடுப்பாங்க. ட்ரிப்புக்கு இவ்வளவுன்னு வாங்குறவங்களுக்கு டிசம்பர்ல அது பெரிய அடி. வருஷத்துல சம்பாதிக்கிற மாசமே அதுதான்.

எனக்கு மறக்காத ஒண்ணு இருக்கு. சாப்பாடு முடிஞ்சதும் நட்சத்திரம் பாக்கறதுக்காகக் கொஞ்ச நேரம் லைட்டை அணைப்பாங்க. ஜெனரேட்டர் சுவிட்ச் கிச்சன் பின்னாடி இருக்கும், அணைக்கிறது என் வேலை. அணைச்சிட்டுத் தட்டு கழுவப் போயிடுவேன், மேல பாத்ததே இல்லை. ஒரு நாள் தமிழ்ப் பொண்ணு ஒண்ணு, பத்து வயசு இருக்கும், பாத்ரூம் தேடி வந்து இருட்டுல என்கிட்ட மாட்டிக்கிச்சு. பயந்துட்டுக் கையைப் பிடிச்சிக்கிச்சு. பேச்சுக் கொடுக்கலாம்னு மேல காட்டினேன். உச்சியில ஆறாமீன், அதான் கார்த்திகை நட்சத்திரக் கூட்டம், நின்னுச்சு. எங்கப்பா கடல்ல வச்சு எனக்குக் காட்டினது. இதைப் பாத்துத்தான் ராத்திரி மணி சொல்வோம்னு சொன்னேன். "அப்ப இப்ப மணி என்ன?"ன்னு கேட்டுச்சு. நான் பாத்து எட்டு, எட்டேகால் இருக்கும்னு சொன்னேன். அது வாட்ச்சைப் பாத்துட்டு, "அண்ணா, கரெக்ட்!"ன்னு கத்திக்கிட்டே அவங்க அம்மாகிட்ட ஓடிருச்சு. அதுக்கப்புறம் தினமும் லைட்டை அணைச்சதும் கொஞ்ச நேரம் அங்கேயே நின்னுட்டுத்தான் உள்ள போவேன்.

உறையூர்க்காரி:

தம்பி, நீங்கள் எழுதியதைப் படித்ததிலிருந்து அத்தையும் நானும் அதையேதான் பேசிக்கொண்டிருக்கிறோம். அவர் பெயரைக்கூட நாங்கள் கேட்கவில்லை. இப்போது ஏதாவது செய்ய முடியுமா?

தங்கச்சிமடம்:

முடியும் அக்கா. பேர் தெரியலன்னா பரவாயில்லை. புக்கிங் நம்பர், தேதி, வண்டி நம்பர் மூணையும் போட்டுக் கம்பெனிக்கு மெயில் அனுப்புங்க. எந்த வண்டியை யார் ஓட்டினாங்கன்னு ஷீட்ல இருக்கும். "இவர் எங்க அம்மாவைக் காப்பாத்தினார்"னு தெளிவா எழுதுங்க, கழுத்து வியாதியையும் ஏஜென்ட்கிட்ட முன்னாடியே சொன்னதையும் எழுதுங்க. புகார் ஒண்ணு, பாராட்டு ஒண்ணுன்னு ரெண்டும் ஃபைல்ல இருந்தா பேச்சு மாறும். அவங்க ரிவ்யூ பக்கத்துலயும் போடுங்க, அதைத்தான் முதல்ல பாப்பாங்க.

கோவை பாலா:

ரிவ்யூ போட்டதும் இங்கே சொல்லுங்கள், வந்து பார்க்கிறேன். இதில் நான் உங்கள் பக்கம்தான்.

உறையூர்க்காரி:

மகள் டயர் காற்று இறக்கும்போது எடுத்த போட்டோவில் வண்டி நம்பர் தெளிவாகத் தெரிகிறது. மெயில் அனுப்பிவிட்டேன், ரிவ்யூவும் போட்டாயிற்று. அத்தை சொல்லச் சொல்ல மகள் இந்தியில் தனியாக ஒரு பத்தி எழுதிச் சேர்த்திருக்கிறாள், அவரே படிக்க வேண்டும் என்று. பதில் வந்தால் இங்கே போடுகிறேன்.