புதுப்பிப்பு: நாய்க்கடிக்குத் தடுப்பூசி மட்டும் போதுமா?

கடிபட்ட இடத்தைச் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவுங்கள், அன்றே முதல் ஊசி போடுங்கள் என்று முன்பு எழுதியிருந்தேன். முக்கியமான ஒன்று விட்டுப்போனது: ரத்தம் வந்த கடிக்குத் தடுப்பூசி மட்டும் போதாது.

ஊசி போட்டபின் உடம்பு சொந்தமாக எதிர்ப்பொருள் உருவாக்க 7 முதல் 14 நாள் ஆகும். அதற்குள் ரேபிஸ் (வெறிநோய்) வைரஸ் நரம்பில் ஏறிவிட்டால் தடுப்பது மிகக் கடினம். அந்த இடைவெளியை அடைப்பதுதான் இம்யூனோகுளோபுலின், அதாவது தயார்நிலையில் உள்ள எதிர்ப்பொருள் மருந்து. எடையில் கிலோவுக்கு, மனித ரத்தத்திலிருந்து எடுத்த வகை 20 யூனிட், குதிரை ரத்தத்திலிருந்து எடுத்தது 40. காயத்துக்குள்ளும் சுற்றியும் செலுத்த வேண்டும். முதல் தடுப்பூசிக்குப் பிறகு 7 நாள் தாண்டினால் இதைப் போடக்கூடாது. உடம்பே உருவாக்கும் எதிர்ப்பை அது மட்டுப்படுத்தும்.

மேலூர், உசிலம்பட்டிப் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் இம்யூனோகுளோபுலின் இருப்பில் இல்லையென்றால், முதல் தடுப்பூசியை அங்கேயே போட்டுக்கொண்டு மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். முகத்தில் கடிபட்ட குழந்தை என்றால் ஒரு மணி நேரம்கூடத் தள்ளிப்போடாதீர்கள்.

தோலுக்குள் போடும் தடுப்பூசி 0 (முதல் ஊசி போடும் நாள்), 3, 7, 28ஆம் நாட்களில்; ஒவ்வொரு முறையும் இரண்டு இடத்தில் 0.1 மில்லி. காயத்தில் சுண்ணாம்பு, மிளகாய்ப்பொடி வைக்கவே வேண்டாம்.