மெடிக்கல் டிரான்ஸ்கிரிப்ஷன்: இப்போது சேரலாமா?

டாக்டர் பேசிப் பதிவு செய்யும் நோயாளிக் குறிப்பை (டிக்டேஷன்) கேட்டு எழுத்தாக்கும் வேலை இது, பெரும்பாலும் அமெரிக்க மருத்துவமனைகளுக்காக இங்கிருந்து செய்வது. டைப்பிங் வேகத்தை மட்டும் நம்பி வராதீர்கள். அமெரிக்காவில் 2009-இல், மின்னணு மருத்துவப் பதிவை ஊக்குவிக்கும் ஹைடெக் (HITECH) சட்டம் வந்தபின் மருத்துவமனைகள் மின்னணுப் பதிவுக்கு மாறின. பல டாக்டர்கள் டெம்ப்ளேட்டிலேயே குறிப்பை முடித்துவிடுகிறார்கள். மிச்சமுள்ள டிக்டேஷனையும் பெரும்பாலும் மென்பொருள்தான் முதலில் எழுதுகிறது. நம் கைக்கு வருவது அந்த டிராஃப்ட். அதை ஆடியோவோடு ஒப்பிட்டுத் திருத்துவதுதான் எடிட்டிங்.

சம்பளம் இதில்தான் அடிபடுகிறது. லைன் கணக்கில்தான் கூலி, இடைவெளியும் சேர்த்து 65 எழுத்து ஒரு லைன். எடிட்டிங் லைனுக்குக் கிடைப்பது டைப்பிங் லைனில் ஏறக்குறையப் பாதி. ஆடியோ மோசமென்றால் டிராஃப்டை அழித்துவிட்டுப் புதிதாக அடிப்பதே சீக்கிரம் முடியும். அந்த லைன்கள் எந்தக் கணக்கில் சேரும் என்று சேருவதற்கு முன்பே கேளுங்கள்.

*

மேலே சொன்னது சரி. ஆனால் எடிட்டிங்கை லேசாக நினைக்க வேண்டாம். டைப்பிங்கில் காது முன்னே போகும். எடிட்டிங்கில் கண் முன்னே போய், எழுதியிருப்பதையே கேட்டதாக நம்பவைத்துவிடும். பக்கவாத நோயாளிக்கு டிராஃப்டில் 'டிஸ்ஃபேஜியா' என்று இருக்கிறது. அது விழுங்கச் சிரமம். டாக்டர் சொன்னது பேச்சுக் கோளாறான 'டிஸ்ஃபேசியா'வாகவும் இருக்கலாம். அடுத்த வரியில் ஸ்பீச் தெரபிஸ்ட் வருவதை வைத்து முடிவெடுக்காதீர்கள், அமெரிக்காவில் விழுங்கும் பயிற்சியையும் ஸ்பீச் தெரபிஸ்ட்களே தருகிறார்கள். திரும்பக் கேட்பது ஒன்றே வழி.

அதேபோல, ரத்த அழுத்த மருந்தான மெட்டோப்ரோலால் 15 மில்லிகிராம் என்று வந்தால் சந்தேகப்படுங்கள். வழக்கமான மாத்திரை 25, 50, 100. அதற்காக நீங்களாக 50 என்று திருத்திவிடவும் கூடாது. தெளிவாகக் கேட்கவில்லையா, பிளாங்க் விட்டு ஆடியோ நேரத்தைக் குறித்து கியூஏ-வுக்கு (தரம் சரிபார்ப்பவர்களுக்கு) அனுப்புங்கள். தவறான டோஸ் ஒரு நோயாளியின் உடம்பில் போய் முடியும்.

*

புதிதாக வருபவர்களுக்கு: கட்டணம் கட்டும் முன், பயிற்சிக்கு நிஜமான டிக்டேஷன் ஆடியோ எத்தனை மணி நேரம் தருகிறார்கள் என்று கேளுங்கள். பாடப்புத்தகம் மட்டும் என்றால் வேண்டாம்.

ஏற்கெனவே துறையில் இருப்பவர்களுக்கு மெடிக்கல் கோடிங், அதாவது நோய்க்கும் சிகிச்சைக்கும் குறியீட்டு எண் போடும் வேலை, பக்கத்து வாசல். அனாட்டமியும் மருந்துப் பெயர்களும் கையில் இருக்கின்றன. ஐசிடி-10-சிஎம் (நோய்க் குறியீடு), சிபிடி (சிகிச்சைக் குறியீடு) விதிகளைத்தான் படிக்க வேண்டும். கோடிங் சான்றிதழுக்கான சிபிசி தேர்வில் 100 கேள்வி, 4 மணி நேரம், தேற 70 சதவீதம். கோட் புத்தகம் அனுமதி உண்டு. விடை தெரிந்தும் பக்கம் தேடியே நேரத்தை விடுபவர்கள் அதிகம். அட்டவணைப் பக்கங்களில் டேப் ஒட்டி, கடிகாரம் வைத்துப் பழகுங்கள்.